இரண்டாவது கன்சோல் எதற்கு?

எங்கள் வீட்டில் வீடியோ கேம் ஆட இரண்டு கன்சோல்: பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) ஒன்று, நின்டெண்டோ ஸ்விட்ச் ஒன்று. எக்ஸ்பாக்ஸ் இல்லை. ஆனால் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் என் நாத்தனார் வீட்டில் ஒன்று இருக்கிறது. அதையும் நம் வீட்டுக் கணக்கில்தான் சேர்த்துக்கொள்வேன். ஏன் என்று பிறகு வருகிறேன்.

நான் திருநெல்வேலிக்காரி. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வாக்கப்பட்டு வந்து சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன். பகலில் துறைமுகம் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் கணக்கு வேலை. ராத்திரி மகள் தூங்கிய பிறகு ஆட்டம். கணக்குக்காரியாக இருப்பதால் எந்தப் பொருளையும் "இது நல்லதா" என்று பார்ப்பதைவிட "இது இல்லாவிட்டால் எனக்கு என்ன நின்றுபோகும்" என்று பார்ப்பதுதான் பழக்கம். கன்சோலுக்கும் அதேதான். முதல் கன்சோலை ஆசைக்கு வாங்கலாம், தப்பே இல்லை. இரண்டாவதை, முதலாவதால் எது முடியவில்லையோ அதற்காக மட்டும் வாங்க வேண்டும். இரண்டும் ஒரே வேலையைச் செய்தால் அது சேர்க்கை இல்லை, டிவிக்குக் கீழே தூசி சேர்க்கும் பெட்டி.

டர்பன் பக்கம் உம்லாங்காவுக்கு வேலைக்கு வந்திருக்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், "அக்கா, பிஎஸ்5-ஆ எக்ஸ்பாக்ஸா, எது பெஸ்ட்?" என்று கேட்டார். நான் திருப்பிக் கேட்டேன்: "வீட்ல இன்வர்ட்டர் இருக்கா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வந்திருப்பது லோட் ஷெட்டிங் அடங்கிய பிறகு. 2023-ல் இங்கே இருந்திருந்தால் சிரிக்க மாட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் மின் உற்பத்தி போதாதபோது ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்துவார்கள். ஒரு ஸ்டேஜ் என்றால் சுமார் 1,000 மெகாவாட் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். ஸ்டேஜ் ஆறு வந்தால் ஒரே நாளில் காலை, மாலை, நள்ளிரவு என்று மாற்றி மாற்றிப் போகும். ஒரு தடவை போனால் இரண்டு மணி நேரம், திரும்பப் போடுகிறபோது கூட அரை மணி. டர்பனில் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மின் கட்டமைப்பே சேதமானதால் கொஞ்ச காலம் எங்களுக்கு விலக்கு இருந்தது, அப்புறம் நாங்களும் வரிசையில் சேர்ந்தோம். 2024 மார்ச் கடைசியில் நின்றது. முந்நூறு நாளுக்கு மேல் நிம்மதி. 2025 ஜனவரி 31-ஆம் தேதி மறுபடி தலைகாட்டி, பிறகு அடங்கியது. அட்டவணை இல்லாத நாளிலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்பார்மர் கோளாறு என்று ஏதாவது ஒன்று வந்து கரண்ட் போகத்தான் செய்கிறது.

இப்போது கன்சோலுக்கு வருவோம். பிஎஸ்5-இல் பெரிய ஆட்டம் ஓடும்போது ஏறக்குறைய 200 வாட் இழுக்கும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் சுமார் 75 வாட். ஸ்விட்ச் டாக்கில், அதாவது டிவியோடு இணைக்கிற தாங்கியில், இருக்கும்போது 20 வாட்கூடப் போகாது. கையில் வைத்து ஆடினால் அதற்கும் பாதி இல்லை. இங்கே பல வீடுகளில் இருப்பது சக்கரம் வைத்த ஒரு யூனிட் கொள்ளளவு இன்வர்ட்டர் பெட்டி. பிஎஸ்5-க்கு 200, டிவிக்கு 100 என்று வைத்தால் காகிதத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும், நடைமுறையில் இரண்டரை. அந்த இரண்டரை மணி நேரமும் ஃபிரிட்ஜ் ஓடாது, மாமியார் பார்க்கும் சீரியல் ஓடாது, விளக்கு மட்டும்தான். அந்தப் பேச்சுவார்த்தையில் நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. இதே பெட்டியில் சீரிஸ் எஸ் என்றால் நாலரை ஐந்து மணி நேரம் தாங்கும். ஸ்விட்சுக்கு இன்வர்ட்டரே வேண்டாம், அது தன் பேட்டரியிலேயே ஓடும்.

கரண்ட் போவது வேறு, திடீரென்று போவது வேறு. பிஎஸ்5-ஐ ரெஸ்ட் மோடில், அதாவது அரைத்தூக்கத்தில், வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், கரண்ட் போனதும் பாதியில் நிறுத்திய ஆட்டம் போச்சு. திரும்ப ஆன் பண்ணும்போது "சரியாக அணைக்கப்படவில்லை" என்று ஒரு திட்டு வேறு. யுஎஸ்பி டிரைவ் மாட்டியிருந்தால் அதைச் சரிபார்க்கிற சடங்கு. ஆகவே லோட் ஷெட்டிங் நாட்களில், அட்டவணையில் கரண்ட் போக அரை மணி இருக்கும்போதே சேவ் பண்ணி முழுசாக அணைத்து, பிளக்கைக் கழற்றிவிடுவது இங்கே வழக்கம். கழற்றுவது முக்கியம், ஏனென்றால் கரண்ட் திரும்பி வரும் நொடியில் வோல்டேஜ் எகிறும். சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் இந்த ஊரில் கன்சோல் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஸ்விட்சில் இந்தக் கவலை எதுவும் இல்லை. டிவி இருண்டுவிடும், டாக்கிலிருந்து கருவியை மேலே இழுத்தால் விட்ட இடத்திலேயே ஆட்டம் நிற்கும். மற்ற எந்தப் பெருமையும் இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே எங்கள் வீட்டில் அது இரண்டாவது கன்சோல் ஆனது. கிராபிக்ஸ் சுமார்தான், 2015-இல் வந்த பழைய சிப். இருட்டில் ஓடுகிற பழைய சிப், ஓடாத புது சிப்பைவிட மேல்.

இங்கே ஒரு குறுக்குப் பேச்சு. பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்று ஒன்று இருக்கிறதே, கையில் பிடித்து ஆடுகிற திரை. "பிஎஸ்5 இருக்கு, போர்ட்டல் வாங்கினா ஸ்விட்ச் எதுக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். போர்ட்டலில் ஆட்டம் ஓடுவதில்லை. ஆட்டம் பிஎஸ்5-இல் ஓடுகிறது, படம் மட்டும் வைஃபையில் வருகிறது. கரண்ட் போனால் பிஎஸ்5 படுத்துவிடும், அதோடு போர்ட்டலும் படுத்துவிடும். கிளவுடில், அதாவது சோனியின் சர்வரில், இருந்து ஆடலாமே என்றால், அதற்குச் சோனியின் பிஎஸ் பிளஸ் சந்தாவில் பிரீமியம் என்ற மேல்தட்டு வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மேல்தட்டுச் சந்தாவுக்கு டீலக்ஸ் என்று பெயர், அதில் கிளவுட் ஸ்ட்ரீமிங் கிடையாது. படுக்கையறையில் படுத்துக்கொண்டு ஆட நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் என் குறை அது இல்லையே.

தம்பியிடம் நான் கேட்ட அடுத்த கேள்வி: "உன் பிளேஸ்டேஷன் கணக்கு எந்த நாட்டுக் கணக்கு?" அவர் கோயம்புத்தூரில் பிஎஸ்4 வைத்திருந்தவர். இந்தியக் கணக்கு, அதில் வாங்கிய ஆட்டங்கள் நிறைய. நாடு விட்டு நாடு வருகிறவர்கள் யாரும் முதலில் யோசிக்காத விஷயம் இது. பெட்டியைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் பழைய டேப் ரெக்கார்டருக்குப் போடுவோமே, எட்டு மாதிரி வாய் உள்ள வயர், அதேதான். வயரை மட்டும் மாற்றினால் போதும். உள்ளே இருக்கிற பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை எடுத்துக்கொள்ளும். நம்மூரில் ஏசிக்கும் கீசருக்கும் மட்டும் வைக்கிற பெரிய மூன்று முள் பிளக் இருக்கிறதே, இங்கே அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, டிவி எல்லாவற்றுக்கும் அதுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த பதினைந்து ஆம்பியர் பிளக் இங்கே அப்படியே பொருந்தும்.

பெட்டி எளிது, கணக்குதான் சிக்கல். பிளேஸ்டேஷன் கணக்கை எந்த நாட்டில் தொடங்கினோமோ அந்த நாட்டை மாற்றவே முடியாது. புதுநாட்டுக் கடையில் வாங்க வேண்டுமானால் புதுக் கணக்கு. எக்ஸ்பாக்ஸில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாட்டை மாற்றிக்கொள்ளலாம். நின்டெண்டோவில் கணக்கில் பாக்கிப் பணம் இல்லாமல் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நான் ஊரில் இருந்தபோது நின்டெண்டோவுக்கு இந்தியாவில் இணையக் கடையே கிடையாது, வேறு நாட்டைப் போட்டுத்தான் கணக்கு வைத்திருந்தோம். இங்கே வந்ததும் தென்னாப்பிரிக்கா என்று மாற்றினேன். ராண்ட் விலையில் கடை திறந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் இந்தியப் பிளேஸ்டேஷன் கணக்கில் இருக்கிற ஆட்டங்களைத் தூக்கிப் போடுவதா? வேண்டாம். பிஎஸ்5-இல் 'கன்சோல் ஷேரிங்' என்று ஒரு வசதி உண்டு. என் இந்தியக் கணக்கை இந்தப் பெட்டியில் நுழைத்து அதை ஆன் பண்ணி வைத்திருக்கிறேன். அதனால் அதில் வாங்கிய ஆட்டங்களை இதே பெட்டியில் வேறு எந்தக் கணக்கிலும் ஆடலாம். வீட்டுக்காரருடைய தென்னாப்பிரிக்கக் கணக்கில் புது ஆட்டங்கள், சந்தா. என்னுடைய பழைய கணக்கில் பழைய சொத்து. அவர் கணக்குக்கும் இதே பெட்டியில் ஷேரிங் போட்டிருப்பதால் அவருடைய பிஎஸ் பிளஸில் நானும் ஆன்லைன் ஆடுகிறேன். ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை: ஒரு ஆட்டத்துக்குப் பின்னால் வரும் கூடுதல் பகுதிகள், அதாவது டிஎல்சி, ஆட்டத்தின் வட்டாரத்தோடு பொருந்த வேண்டும். ஆட்டம் ஒரு நாட்டுக் கணக்கிலும் டிஎல்சி இன்னொரு நாட்டுக் கணக்கிலும் வாங்கினால் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்.

ஊரிலிருந்து சினிமா ப்ளூ-ரே கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்ட டிஸ்க்குக்கு வட்டாரப் பூட்டு இல்லை, சினிமா டிஸ்க்குக்கு உண்டு. இந்தியா சி, தென்னாப்பிரிக்கா பி. இங்கே வாங்கின பிஎஸ்5, சி என்று பூட்டின படத்தைத் துப்பிவிடும். டிவிடியிலும் அப்படித்தான், இந்தியா 5, இங்கே 2.

டிஸ்க் என்றதும் எனக்குப் பேச்சு நீளும். என் பிஎஸ்5 டிஸ்க் உள்ளது, வேறு மாதிரி வாங்கவே மாட்டேன். 2020 நவம்பரில் இங்கே வந்தபோது டிஸ்க் உள்ளது 11,999 ராண்ட், இல்லாதது 9,999 ராண்ட். அந்த 2,000 ராண்ட் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் டிஸ்க் இல்லாத பெட்டியில் விலை சொல்கிற கடை ஒன்றே ஒன்று, சோனியின் இணையக் கடை. டிஸ்க் இருந்தால் பழைய சாமான் விற்கிற கேஷ் குரூசேடர்ஸ் கடையில் தேடலாம், பக்கத்து வீட்டுப் பையனிடம் மாற்றிக்கொள்ளலாம், முடித்த ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் விற்றுவிடலாம். பிஎஸ்4 டிஸ்க்குகளும் பிஎஸ்5-இல் ஓடும். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தவிர கிட்டத்தட்ட முழு பிஎஸ்4 நூலகமும். இங்கே செகண்ட் ஹேண்ட் அலமாரிகளில் இன்னும் பாதிக்கு மேல் பிஎஸ்4 பெட்டிகள்தான். ஆக ஒரு பிஎஸ்5 வாங்கினால் இரண்டு தலைமுறை கிடைத்த மாதிரி. பிஎஸ்3 டிஸ்க் மட்டும் ஓடாது. யாராவது கட்டாகக் கொடுத்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, இந்தத் தலைமுறையில் "கொஞ்ச நாள் பொறு, விலை இறங்கும்" என்ற பழைய அறிவுரை செல்லாது. பிஎஸ்4 காலத்தில் மூன்று வருடத்தில் அமெரிக்காவில் 399 டாலர் 299 ஆனது. பிஎஸ்5 2020-இல் 499. 2025 ஆகஸ்டில் 549. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 299-இல் தொடங்கி 399-க்குப் போய்விட்டது. ஏறுகிற டாலரை ராண்டில் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் நான் பொறுக்கச் சொல்வதில்லை, பழசு பார்க்கச் சொல்கிறேன்.

சரி, எக்ஸ்பாக்ஸ். கேம் பாஸ் இருக்கிறதே, மாதச் சந்தாவுக்கு நூற்றுக்கணக்கில் ஆட்டம், அதைவிட்டுவிட்டு என்ன பேச்சு என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சபலம் இருந்தது. ஆனால் நான் ஒரு ஆட்டத்தை இரண்டு மூன்று மாதம் இழுத்து இழுத்து ஆடுகிறவள். அந்த மூன்று மாதச் சந்தாவில் பழைய டிஸ்க் ஒன்று வாங்கி, முடித்து, பாதி விலைக்கு விற்றும் விடலாம். வாரத்துக்கு ஒரு ஆட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்கிறவர்களுக்குக் கேம் பாஸ் லாபம். என் நாத்தனார் மகன் சரியாக அந்த ரகம். அவனுக்குப் பதினாலு வயது. காலையில் பிடித்தது சாயங்காலம் சலித்துவிடும். லெனேஷியாவில் அவர்கள் வீட்டில் சீரிஸ் எஸ் இருப்பது ரொம்பப் பொருத்தம். சின்னப் பெட்டி, குறைந்த வாட், டிஸ்க் தொல்லை இல்லை, கேம் பாஸ் ஓடிக்கொண்டே இருக்கும். சேமிப்பு இடம்தான் இடிக்கும், 512 ஜிபி என்று எழுதியிருப்பார்கள், கைக்கு வருவது 364. பெரிய ஆட்டங்கள் நாலைந்து ஏற்றினால் நிரம்பிவிடும்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன கணக்கு வருகிறது. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் எல்லா இடத்திலும் ஒரே கன்சோல் வாங்கியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ஒரே ஆட்டம் இரண்டு வீட்டிலும். இப்போது சாட்ஸ்வொர்த்தில் பிஎஸ்5-உம் ஸ்விட்சும், லெனேஷியாவில் எக்ஸ்பாக்ஸ். ஈஸ்டர் விடுமுறைக்கு அவர்கள் இங்கே வருவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வராவிட்டால் மாமியார் விடமாட்டார். டிசம்பரில் நாங்கள் அங்கே போவோம். எந்த ஆட்டத்துக்கு எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நடுவில் இருக்கிற மாதங்களில் ஃபோர்ட்நைட், மைன்கிராஃப்ட், ராக்கெட் லீக் இதெல்லாம் எந்தக் கன்சோலில் இருந்தும் எந்தக் கன்சோலோடும் ஆடலாம். "மாமி, எட்டு மணிக்கு வாங்க" என்று மெசேஜ் வரும். நான் பிஎஸ்5-இல், அவன் எக்ஸ்பாக்ஸில், என் மகள் ஸ்விட்சில். "எல்லோரும் ஒரே கன்சோல் வாங்கினால்தான் சேர்ந்து ஆட முடியும்" என்ற காலம் போய்விட்டது. செலவில் மட்டும் ஒரு வித்தியாசம். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச ஆட்டங்களுக்கு மூன்று கன்சோலிலும் சந்தா இல்லாமல் ஆன்லைன் போகலாம். மைன்கிராஃப்ட் மாதிரி காசு கொடுத்து வாங்கினதற்கு ஒவ்வொரு கன்சோலுக்கும் அதற்குரிய சந்தா கட்ட வேண்டும்.

லெனேஷியாவுக்குப் போகிற வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்3 நெடுஞ்சாலையில் டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். வான் ரீனன் கணவாயில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்கும் கூடும். பின் சீட்டில் மகளும் ஸ்விட்சும். காரில் இருக்கிற யுஎஸ்பி-சி சார்ஜர் போதும், கையில் வைத்து ஆடும்போது அது மெதுவாகவாவது ஏறிக்கொண்டிருக்கும். ஹாரிஸ்மித்தில் நிறுத்தி டீ குடிக்கும்போது நான் பிடுங்கிக்கொள்வேன்.

வீட்டுக்கு வருகிற கூட்டத்துக்கும் ஸ்விட்ச்தான். பெட்டியிலேயே ஜாய்கான் என்கிற சின்ன கன்ட்ரோலர் இரண்டு வருகிறது, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தால் மரியோ கார்ட் ஆட இரண்டு பேர் தயார். பிஎஸ்5-இல் இரண்டாவது ஆளுக்கு இன்னொரு கன்ட்ரோலர் வாங்க வேண்டும், அந்த விலைக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அன்று வீடு நிறையப் பிள்ளைகள் வந்தபோது, நாலு பேர் ஆடி நாலு பேர் காத்திருக்கிற முறைதான் வைத்தோம். பெரியவர்கள் யாரும் பிஎஸ்5 பக்கம் வரவில்லை. அதில் இருக்கிற பொத்தான்களைப் பார்த்தாலே அவர்களுக்குப் பயம்.

ஆயா மட்டும் விதிவிலக்கு. வீட்டுக்காரருடைய பாட்டி, இந்த வீட்டில் என்னோடு முழுசாகத் தமிழில் பேசுகிற ஒரே ஆள். ஒரு இருட்டு சாயங்காலம் அவர் கட்டிலில் உட்கார்ந்து 'வெண்பா' ஆடினேன். 2023-இல் வந்தது, கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, சமையல்தான் ஆட்டம். அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி, புட்டு, பிரியாணி என்று செய்துகொண்டு போக வேண்டும். ஆயாவுக்கு ஆங்கில எழுத்து படிக்கக் கண் தெரியாது, நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இட்லி கட்டம் வந்ததும், "துணி நனைச்சுப் போட்டியா? தட்டுல ஒட்டிக்கிடும்டி" என்றார். ஆட்டத்தில் அதற்கெல்லாம் பொத்தான் எங்கே இருக்கிறது? "போட்டாச்சு ஆயா" என்று சொல்லி வைத்தேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற சின்ன ஆட்டம். பிஎஸ்5-இலும் எக்ஸ்பாக்ஸிலும் கூட இருக்கிறது. ஆனால் கட்டில் பக்கம் கொண்டுபோகிற மாதிரி இருந்தது இது ஒன்றுதான்.

கணினி ஆட்டங்களைக் கையில் வைத்து ஆடுகிற ஸ்டீம் டெக் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: அதைச் செய்கிற வால்வ் கம்பெனி அதைத் தென்னாப்பிரிக்காவில் நேரடியாக விற்பதில்லை. இறக்குமதி செய்கிற கடைகளில் கிடைக்கும், விலையும் உத்தரவாதமும் அந்தக் கடைக்காரர் மனசுபோல. கணினியில் ஏற்கெனவே ஸ்டீம் என்கிற இணையக் கடையில் நிறைய வாங்கி வைத்திருப்பவருக்கு ஸ்விட்சைவிட அது நல்ல இரண்டாவது கருவி, சந்தேகமில்லை. எனக்கு அங்கே சொத்து எதுவும் இல்லை. பிஎஸ்5 ப்ரோ பற்றி ஒரு வரி போதும்: இருக்கிறதையே இன்னும் பளபளப்பாகக் காட்டுகிறது, டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கச் சொல்கிறது.

ஸ்விட்சைப் பழசாக வாங்கப் போகிறவர்கள் இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு வகை. 2017-இல் வந்த முதல் வகையின் பேட்டரி இரண்டரை முதல் ஆறரை மணி நேரம். 2019-இல் மாற்றி வந்த வகைக்கு நாலரை முதல் ஒன்பது மணி நேரம். செல்டாவின் 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' ஆடினால் பழையதில் மூன்று மணி, புதியதில் ஐந்தரை மணி என்று நின்டெண்டோவே சொல்கிறது. இரண்டரை மணி நேரம் கரண்ட் போகக்கூடிய ஊரில் இந்த வித்தியாசம்தான் எல்லாம். கருவியைத் திருப்பிப் பின்பக்கம் அடியில் பாருங்கள், மாடல் எண் பொடி எழுத்தில் இருக்கும். எச்ஏசி-001 என்று மொட்டையாக இருந்தால் பழையது, அதற்குப் பின்னால் அடைப்புக்குறியில் -01 என்று இருந்தால் புதியது. சீரியல் எண் எக்ஸ்கேடபிள்யூ என்று தொடங்கினாலும் புதியது. அட்டைப்பெட்டி இருந்தால் இன்னும் எளிது, முழுசும் சிவப்பாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவும் பார்த்த பிறகு அமைப்புகளுக்குள் போய் ஸ்டிக்கை அளவு சரிபார்க்கும் திரையைத் திறந்து, கையை எடுத்துவிட்டு அந்தப் புள்ளி தானாக நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் ஜாய்கானுக்கு டிரிஃப்ட் வந்துவிட்டது, அந்த அளவுக்கு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். விற்கிறவர் "அது சும்மா தூசி" என்பார். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.

2025 ஜூன் 5-ஆம் தேதி ஸ்விட்ச் 2 வந்ததோடு பேச்சு மாறியிருக்கிறது. பழைய கேட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் அதில் ஓடுகின்றன, 256 ஜிபி இடம், டிவியில் படமும் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, பேட்டரி இரண்டு முதல் ஆறரை மணி நேரம் என்கிறார்கள். பெரிய ஆட்டத்துக்கு இரண்டு மணி என்றால் லோட் ஷெட்டிங் முடிவதற்குள் அது முதலில் முடிந்துவிடும். இரண்டாவது, கேம்-கீ கார்டு. கேட்ரிட்ஜ் மாதிரியே இருக்கும், உள்ளே ஆட்டம் இருக்காது. சாவி மட்டும், ஆட்டத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். விற்கவும் மாற்றவும் முடியும் என்பது ஒரு ஆறுதல். ஆனால் ஃபைபர் அறுந்து கிடக்கிற வாரத்தில் புது ஆட்டம் வாங்கினால் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கடையில் எடுக்கும்போது பெட்டியின் முன்பக்கம் கீழே அதற்கென்று அச்சடித்த பட்டையைப் பார்த்துவிட்டே எடுங்கள்.

லெனேஷியாப் பயல் டிசம்பருக்குள் ஸ்விட்ச் 2 வாங்கித்தரச் சொல்லி அவன் அப்பாவை நச்சரித்துக்கொண்டிருக்கிறான். வாங்கட்டும். எங்கள் வீட்டுக் கேட்ரிட்ஜ்களை நான் கொண்டுபோகிறேன், அவன் கருவியில் போட்டுப் பார்த்தால் எது எவ்வளவு மாறியிருக்கிறது என்று காசு செலவில்லாமல் தெரிந்துவிடும். எனக்கு இப்போதைக்கு வேண்டியது பிஎஸ்5-க்கு ஒரு எம்.2 எஸ்எஸ்டி, மகளின் ஆட்டங்களுக்கும் என் ஆட்டங்களுக்கும் இடம் போதாமல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எதை அழிப்பது என்று சண்டை.